ஐந்தில் வளையாவிட்டால்?

கரூர் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 36. பி.காம். முடித்தவர், ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். கணவர் வளைகுடாவில் ஓட்டுநர். மகனுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. மகளுக்கு நாலரை வயது. மகன் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது கடன் நெருக்கியது. கணவனும் மனைவியும் திருப்பூருக்கு வேலைக்குப் போனார்கள். பையன் மூன்று வயது வரை ஊரில் அப்பத்தாவிடம் வளர்ந்தான். பெற்றோர் மாதம் இருமுறை போய்ப் பார்த்து வருவார்கள். அவன் இவரைத் "திருப்பூர் அம்மா" என்றே கூப்பிட்டிருக்கிறான். அழைத்து வந்த புதிதில் அப்பத்தாவின் பழைய சேலை ஒன்றைக் கையில் சுருட்டிக்கொண்டால்தான் தூங்குவானாம்.

ஓராண்டாக இவர் உளவியல், மூளை வளர்ச்சி பற்றிய காணொளிகளைத் தேடித் தேடிப் பார்க்கிறார். "ஐந்து வயதுக்குள் மூளை 90 சதவீதம் வளர்ந்துவிடுகிறது" என்ற வரி இவரைத் தூங்கவிடவில்லை. மகன் இப்போது கதவை அறைகிறான், நள்ளிரவு வரை விழித்திருக்கிறான், கணக்கில் மதிப்பெண் குறைந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் தான் விட்டுப் போன அந்த இரண்டரை ஆண்டுகளே காரணம் என்று இவர் முடிவு செய்துவிட்டார். அவனுடைய நடத்தையைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதியும் வந்திருக்கிறார். ஒரு நாள் நோட்டு அவன் கையில் கிடைத்துவிட்டது. "உனக்குப் பிணைப்புக் கோளாறு (வளர்ப்பவரோடு ஒட்டுதல் உண்டாகாத நிலை) இருக்கிறது, அது உன் தப்பு இல்லை" என்று இவர் விளக்கப் போக, "நீயா என்னை வளர்த்தாய்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனவன் இன்றுவரை சரியாகப் பேசுவதில்லை.

மகளாவது தப்பட்டும் என்று "நடுமூளைத் தூண்டுதல்" பயிற்சி மையம் ஒன்றில் பெயர் கொடுத்திருக்கிறார். கட்டணம் 25,000 ரூபாய், முன்பணமாக 5,000 கட்டியாயிற்று. அதோடு, தபால் வழியில் எம்.ஏ. உளவியல் படித்து ஆலோசகராகிவிடலாமா, இந்த வயதில் தன் மூளை அதற்கு ஒத்துழைக்குமா என்றும் கேட்கிறார்.

அன்புச் சகோதரி,

நீங்கள் மகனைப் பற்றித்தான் முதலில் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் பணம் போய்க்கொண்டிருப்பது மகள் விஷயத்தில் என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

நடுமூளைக்கு வகுப்பு வேண்டாம்

மீதி 20,000 ரூபாயைக் கட்டாதீர்கள்.

நடுமூளை என்று ஒரு பகுதி உண்மையிலேயே இருக்கிறது. மூளைத்தண்டின் உச்சியில், வளர்ந்த மனிதருக்கே சுமார் இரண்டு சென்டிமீட்டர் நீளம்தான். கண்களை அசைப்பது, சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்புவது, விழிப்பு நிலையைக் காப்பது, டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரந்து உடல் அசைவையும் ஆர்வத்தையும் இயக்குவது எல்லாம் அதன் வேலைகள். அங்குள்ள டோபமின் செல்கள் அழிவதால்தான் முதியவர்களுக்குப் பார்க்கின்சன் நோய் வருகிறது. உங்கள் மகள் பிறந்த அன்று கதவுச் சத்தத்துக்குத் திடுக்கிட்டிருந்தால், அன்றைக்கே அவளுடைய நடுமூளை வேலையில் இருந்தது என்று பொருள். "உறங்கிக் கிடக்கும் நடுமூளையை எழுப்புகிறோம்" என்று அந்த மையத்தார் துண்டுப் பிரசுரத்தில் போட்டிருக்கிறார்கள். நடுமூளை உறங்கிவிட்டால் பிள்ளை கண் விழிக்கவே முடியாது!

கண்ணைக் கட்டிக்கொண்டு நிறம் சொன்ன, அட்டையைப் படித்த சிறுமியை நேரில் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பார்த்ததை நான் மறுக்கவில்லை. அடுத்த முறை வாய்ப்புக் கிடைத்தால் அந்தப் பிள்ளையின் முகவாயைக் கவனியுங்கள். கட்டு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் மூக்கின் இருபுறமும், கன்னமும் மூக்கும் சேரும் குழிவில், ஒரு கீற்று இடைவெளி இருக்கும். குழந்தை முகவாயைச் சற்று உயர்த்தி, அட்டையை மார்புக்கு நேரே தாழ்வாகப் பிடித்து, அந்தக் கீற்று வழியாகப் பார்க்கிறது. மேடை வித்தைக்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த உத்தி இது. அட்டையை நெற்றிக்கு மேலே பிடிக்கச் சொல்லுங்கள், அல்லது குழந்தையின் முகவாய்க்கும் அட்டைக்கும் நடுவே ஒரு சாப்பாட்டுத் தட்டை நீட்டுங்கள். அந்த சக்தி அப்போதே போய்விடும். மங்களூரைச் சேர்ந்த பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் போன்றவர்கள் இத்தகைய மையங்களுக்குப் பொதுவில் சவால் விட்டு, இது எட்டிப் பார்க்கும் வித்தைதான் என்று விளக்கி வந்திருக்கிறார்கள்.

பணம் போவதை விட எனக்கு உறுத்துவது வேறு. குழந்தை எட்டிப் பார்க்கிறது என்பது குழந்தைக்குத் தெரியும். பெரியவர்கள் கைதட்டுகிறார்கள், அம்மா கண் கலங்குகிறாள். இனி உண்மையைச் சொன்னால் அம்மா என்ன ஆவாள் என்று நாலரை வயதுப் பிள்ளை கணக்குப் போடத் தொடங்கிவிடும். காசு கொடுத்துப் பொய்க்குப் பழக்குகிறோம்.

மோசார்ட் இசை கேட்டால் அறிவு வளரும் என்ற பேச்சும் அதே பிரசுரத்தில் வருகிறது. அந்தப் பேச்சுக்கு மூலம் 1993இல் வெளியான ஓர் ஆய்வு. அதில் கலந்துகொண்டவர்கள் 36 கல்லூரி மாணவர்கள். பத்து நிமிடம் இசை கேட்ட பிறகு, காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி இருக்கும் என்பது போன்ற இடவுணர்வுக் கேள்விகளில் சற்றுக் கூடுதலாகச் செய்தார்கள். அந்த விளைவு கால் மணி நேரம்கூட நீடிக்கவில்லை. அதில் குழந்தைகளே இல்லை. இருந்தும் 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்க பட்ஜெட்டில் பணம் ஒதுக்கச் சொன்னார். ஏமாறுவதில் படித்தவர், பதவியில் உள்ளவர் என்ற பேதம் கிடையாது. ஆகவே உங்களை நொந்துகொள்ள வேண்டாம்.

நடுமூளைக்கு ஏதாவது செய்தே தீர வேண்டும் என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மகளுக்கு ஹீமோகுளோபின் பரிசோதனை செய்யுங்கள். டோபமின் சுரக்கவும், நரம்பிழைகளைச் சுற்றி உறை படியவும் இரும்புச்சத்து வேண்டும். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. மருத்துவர் சொன்னால் இரும்புச்சத்து மருந்து, பூச்சி மருந்து, முட்டை, கீரை, அயோடின் கலந்த உப்பு, பத்து முதல் பதின்மூன்று மணி நேரத் தூக்கம். துண்டுப் பிரசுரம் அடிக்க உதவாத அளவுக்குச் சாதாரணமானவை, ஆனால் மூளையைப் பொறுத்தவரை இவற்றுக்கு ஆதாரம் இருக்கிறது. அவள் ர, ழ இரண்டையும் ல என்று சொல்வது இந்த வயதில் இயல்பு. அந்த ஒலிகள் கடைசியாகத்தான் திருந்தும். வெளியாட்களுக்கு அவள் பேச்சு பெரும்பாலும் புரியாமல் போனால் மட்டும் காதுப் பரிசோதனை செய்யுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உள்ள மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களில் இதற்குக் கட்டணம் இல்லை.

முன்பணத்தை விட்டுவிட வேண்டியதில்லை. ரசீது, பிரசுரம், வாட்ஸ்அப் செய்திகள் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். பணத்தைத் திருப்பித் தரும்படி விரைவுத் தபாலில் எழுதுங்கள். பதில் இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். அதற்குப் பிறகும் நகராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். உங்கள் தொகைக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. தவறாக வழிநடத்தும் விளம்பரம் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இந்த ஒரு வரியைக் கடிதத்தில் சேர்த்தாலே பல மையங்கள் பணத்தைத் திருப்பிவிடும்.

அந்த 90 சதவீதம்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்ற பழமொழிக்குப் பக்கத்தில் மூளைப் படம் போட்டுத்தான் அந்தப் பிரசுரம் தொடங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 90 சதவீதம் என்ற எண் பொய்யில்லை. பிறக்கும்போது மூளையின் எடை 350 முதல் 400 கிராம் வரை. இரண்டு வயதில் வளர்ந்தவர் மூளையில் முக்கால் பங்கைத் தாண்டிவிடும். ஐந்தாறு வயதில் ஏறக்குறைய 90 சதவீதம். பெரியவர்களுக்கு 1,300 முதல் 1,400 கிராம். ஆனால் இது பருமனின் கணக்கு, திறமையின் கணக்கு இல்லை. ஐந்து வயதுப் பிள்ளையின் தலையளவு உங்கள் தலையளவுக்கு நெருங்கிவிடுகிறது என்பதற்காக யாரும் அவளிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிடுவதில்லை.

உள்ளே நடப்பது இன்னும் சுவாரசியம். சிகாகோவில் பீட்டர் ஹட்டன்லாக்கர் என்ற நரம்பியல் மருத்துவர், இறந்தவர்களின் மூளைத் திசுக்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து, நரம்புச் செல்களுக்கு இடையிலான இணைப்புகளைப் பொறுமையாக எண்ணினார். பிறந்த குழந்தை முதல் தொண்ணூறு வயது வரை எல்லா வயதினரின் மூளையும் அதில் இருந்தது. 1979இல் அவர் வெளியிட்ட முடிவு பலரைத் திகைக்க வைத்தது. ஒன்றிரண்டு வயதுக் குழந்தையின் நெற்றிப்பகுதி மூளையில் இணைப்புகளின் அடர்த்தி, வளர்ந்தவருக்கு இருப்பதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு! அதாவது மூளை முதலில் தேவைக்கு மேல் தழைக்கிறது. பிறகு பல ஆண்டுகள் மெதுவாகக் கவாத்து செய்துகொள்கிறது. அன்றாடம் புழங்கும் இணைப்புகள் தடித்துத் தங்குகின்றன, புழங்காதவை உதிர்கின்றன. பார்வைக்கான பகுதியில் இது சீக்கிரம் முடியும். திட்டமிடல், பொறுமை, விளைவை யோசித்தல் ஆகியவற்றுக்கான முன்நெற்றிப் பகுதியில் இருபது வயதைத் தாண்டியும் நடக்கும். 1999இல் அமெரிக்காவின் ஜே கீட் குழுவினர் உயிருள்ள பிள்ளைகளையே ஆண்டுக்கணக்கில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, நெற்றிப்பகுதியின் சாம்பல்நிறப் பொருள் பன்னிரண்டு வயதையொட்டித்தான் உச்சத்துக்கு வந்து, பிறகு குறையத் தொடங்குவதைக் கண்டார்கள். இவ்வளவும் ஐந்து வயதுக்குப் பிறகு நடப்பது.

காலக்கெடு உள்ள விஷயங்களும் இல்லாமல் இல்லை. ஹ்யூபெல், வீசல் என்ற இரு மூளை ஆய்வாளர்கள் 1960களில் பூனைக்குட்டியின் ஒரு கண்ணைத் தொடக்க வாரங்களில் மூடி வைத்துத் திறந்து பார்த்தார்கள். கண் நன்றாக இருந்தும் மூளை அதைப் புறக்கணித்துவிட்டது. இந்தப் பணிகளுக்காக 1981இல் நோபல் பரிசு பெற்றார்கள். குழந்தைக்கு மாறுகண் இருந்தால், பிறவியிலேயே காது கேளாவிட்டால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள் என்று மருத்துவர்களான நாங்கள் விரட்டுவது இதனால்தான். ஆனால் அந்தக் கெடுகூட இரும்புக் கதவில்லை. மூளை ஆய்வாளர் பவன் சின்ஹா நடத்திவரும் பிரகாஷ் திட்டத்தில், பிறவிக் கண்புரையால் பார்வையின்றி வளர்ந்த இந்தியச் சிறார்களுக்கு எட்டு வயதிலும் பதினேழு வயதிலும் அறுவை சிகிச்சை செய்தார்கள். கட்டு அவிழ்த்த உடனே, கையால் தடவி அறிந்த பொருளைக் கண்ணால் அடையாளம் காண அவர்களால் முடியவில்லை. சில நாட்களிலேயே முடிந்தது. பார்வைக் கூர்மை முழுதாக வராது, உண்மைதான். ஆனாலும் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். பார்வைக்கே இப்படி என்றால், பேச்சுத் திறமையும் அன்பும் பொறுமையும் மகளின் ஐந்தாம் பிறந்தநாளன்று நள்ளிரவில் பூட்டிக்கொள்ளும் என்று அஞ்ச எந்த ஆதாரமும் இல்லை.

அப்பத்தாவைக் கணக்கில் சேர்க்கவில்லை

கணக்குப் பிரிவில் இருப்பவர் நீங்கள். ஆனால் இந்த ஐந்தொகையில் ஒரு பெரிய வரவை விட்டுவிட்டீர்கள்.

நீங்கள் பார்த்த காணொளிகளில் ருமேனிய அனாதை விடுதிக் குழந்தைகள் வருவார்கள். 2000ஆம் ஆண்டு புக்கரெஸ்ட்டில் தொடங்கிய அந்த ஆய்வு முக்கியமானதுதான். 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் வைத்தார்கள். குறிப்பாக இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போனவர்கள் நன்றாகத் தேறினார்கள். விடுதியிலேயே இருந்தவர்கள் பின்தங்கினார்கள். ஆனால் அந்த விடுதி எப்படி இருந்தது? வரிசையாகத் தொட்டில்கள், ஷிப்ட் மாறி மாறி வரும் பணியாளர்கள், அழுதால் எடுக்க ஆளில்லை, இது என் பிள்ளை என்று சொல்ல ஒருவரும் இல்லை. உங்கள் மகனுக்கு இரவும் பகலும் ஒரே ஆள் இருந்தார். அவன் சேலையைச் சுருட்டிக்கொண்டு தூங்கினான் என்பதை நோயின் அடையாளமாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதை நேர்மாறாகப் படிக்கிறேன். பிணைப்பு இல்லாத குழந்தைக்கு யாருடைய சேலையும் தேவைப்படாது.

பிணைப்பை ஆராயும் துறையின் மூலவர்களே உங்கள் பக்கம்தான் இருக்கிறார்கள். ஜான் பௌல்பி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கையில், குழந்தைக்குத் தாயோ, நிரந்தரமாகத் தாயின் இடத்தில் இருக்கும் ஒருவரோ வேண்டும் என்றுதான் சொன்னார். மேரி எய்ன்ஸ்வொர்த் பிணைப்பைப் பற்றிய தம் முதல் கள ஆய்வை 1950களில் உகாண்டாவின் கிராமங்களில் செய்தார். பாட்டி, சித்தி, அக்கா என்று பலர் கைமாற்றிக் குழந்தை தூக்கும் ஊர்கள் அவை. அங்கேயும் பெரும்பாலான குழந்தைகள் பத்திரமான பிணைப்போடுதான் வளர்ந்தன. தாய் ஒருத்தியே எல்லாம் என்ற எண்ணம் பின்னால் வந்த காணொளிக்காரர்களின் சரக்கு.

பிணைப்புக் கோளாறு என்று நாங்கள் எழுதிக் கையெழுத்திடும் நோய் மிக அரிது. கடும் புறக்கணிப்பில் வளர்ந்த குழந்தைகளிடம், ஐந்து வயதுக்கு முன்பே வெளிப்படும். ஆறுதலுக்குக்கூட யாரிடமும் போகமாட்டார்கள். உங்கள் மகனுக்கு நண்பர்கள் இருக்கிறார்கள், தங்கைக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுத் தருகிறான், காய்ச்சல் வந்தால் உங்கள் மடியில்தான் படுக்கிறான். இதெல்லாம் நீங்களே எழுதியது. இந்தப் பட்டத்தை அவனிடமிருந்து எடுத்துவிடுங்கள்.

ஆனால் உங்கள் பிரிவு அவனைத் தொடவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். எட்டாம் மாதத்தில் ஒரு முறை, மூன்று வயதில் அப்பத்தாவை விட்டு மறுமுறை என இரண்டு பிரிவுகளைக் கடந்திருக்கிறான். இரண்டாவதை நீங்கள் பிரிவாகவே எண்ணவில்லை. அவனுக்கு அது வலித்திருக்கலாம். மூன்று மூன்றரை வயதுக்கு முந்திய நிகழ்ச்சிகள் பெரும்பாலும் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. அந்த நாட்களைப் பற்றி அவனிடம் இப்போது இருப்பது, மற்றவர்கள் சொல்லக் கேட்ட கதைதான். இதுவரை அதை அவனுக்குச் சொன்னவர்கள் உறவினர்களும், கோபத்தில் நீங்களும், கடைசியாக ஒரு நோட்டும். முழுக் கதையை நீங்கள் சொன்னதே இல்லை. எவ்வளவு கடன், யார் வாசலில் வந்து நின்றார்கள், நிறுவன விடுதியில் கைக்குழந்தைக்கு ஏன் இடமில்லை, ஊருக்கு வரும் பஸ்ஸில் என்ன வாங்கி வருவீர்கள், திரும்பும்போது அவன் என்ன செய்வான் என்று சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்கும் தொனியும் வேண்டாம், "உனக்காகத்தான்" என்ற கடன்சீட்டும் வேண்டாம். அப்பத்தா இருக்கிறார் என்பதால், அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னால் இன்னும் நல்லது. நோட்டை அவன் கையிலேயே கொடுத்து, "இதை எழுதியிருக்கக் கூடாது" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொள்ளுங்கள். அவன் அதை என்ன செய்கிறான் என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

பதினான்கு வயது என்பது

அவனிடம் நீங்கள் காண்பதில் பெரும்பங்குக்குத் திருப்பூரைத் தேடிப் போக வேண்டியதில்லை. பருவ வயதில் உணர்ச்சியையும் பரிசு ஆசையையும் கிளப்பும் பகுதிகள் வேகமெடுக்கின்றன. கடிவாளம் போடும் முன்நெற்றிப் பகுதி இன்னும் கவாத்தில் இருக்கிறது. 2005இல் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற உளவியலாளர்கள் இருவரும் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். தனியாக இருந்தபோது விடலைகள் ஓரளவு நிதானமாகவே ஓட்டினார்கள். நண்பர்கள் பக்கத்தில் நின்றதும் துணிச்சல் கூடியது. 24 வயதைத் தாண்டியவர்களிடம் நண்பர்களால் அப்படி மாற்றம் வரவில்லை. பையனைத் திட்டும்போது அவன் நண்பர்கள் எதிரில் திட்டாதீர்கள் என்று நாங்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். "25 வயதில்தான் மூளை முழுமையடைகிறது" என்ற காணொளி வரியையும் அப்படியே விழுங்க வேண்டாம். அந்த வயதில் எந்த மணியும் அடிப்பதில்லை.

தூக்கம்தான் நீங்கள் உடனே கைவைக்கக்கூடிய இடம். பூப்பெய்தும் வயதில் உடல் கடிகாரமே ஓரிரு மணி நேரம் பின்னுக்குப் போகிறது. பத்து மணிக்கு அவனுக்குத் தூக்கம் வராமல் இருப்பது முழுக்கத் திமிர் இல்லை. ஆனால் காலை ஐந்தரை மணிக்குக் கணக்கு டியூஷன் வைத்திருக்கிறீர்கள். எட்டு முதல் பத்து மணி நேரம் தேவைப்படும் வயதில் அவனுக்கு ஐந்து மணி நேரம்கூடத் தேறவில்லை. கணக்கில் மதிப்பெண் ஏன் குறைகிறது என்று நோட்டுப் போட்டு ஆராய வேண்டுமா? டியூஷனை மாலைக்கு மாற்றுங்கள். கைபேசி இரவு கூடத்தில் தூங்கட்டும், உங்களுடையதும் சேர்த்து.

ஒன்றை மட்டும் பருவ வயது என்று தள்ளிவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு, விளையாட்டையும் நண்பர்களையும் விட்டு ஒதுங்குதல், சாப்பாடு குறைதல், கையில் கீறல்கள், "நான் இல்லாவிட்டால் நல்லது" போன்ற பேச்சு. இவற்றில் எது தெரிந்தாலும் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். சாகும் பேச்சு வந்தால் அன்றே. 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. உங்கள் கடிதத்தில் அத்தகைய அறிகுறி எதையும் நான் காணவில்லை.

நீங்கள் படிப்பது பற்றி

உங்கள் மூளை ஒத்துழைக்கும். லண்டனில் டாக்ஸி உரிமம் பெற சுமார் 25,000 தெருக்களை மனத்தில் ஏற்றவேண்டும். எலினார் மகுவயர் குழுவினர் பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஓட்டுநர்களின் மூளையைப் படமெடுத்தார்கள். தேர்ச்சி பெற்றவர்களிடம் நினைவுக்கான ஹிப்போகேம்பஸின் பின்பகுதி வளர்ந்திருந்தது. எல்லாரும் வளர்ந்தவர்கள், வேலை தேடி வந்த பாமர மனிதர்கள்.

படிப்பின் நோக்கத்தை மட்டும் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தெரிந்துகொள்வதற்காக என்றால் இன்றே தொடங்கலாம், செலவில்லை. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பாடநூல்கள் இ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மத்திய அரசின் இணையக் கல்வித் தளமான ஸ்வயத்தில் வளர்ச்சி உளவியல் உள்ளிட்ட வகுப்புகள் வருகின்றன. ஆய்வுமுறை, புள்ளியியல் பாடங்களை ஒதுக்கிவிடாதீர்கள். எத்தனை பேரிடம், எந்த வயதில், எதை அளந்தார்கள் என்று கேட்கப் பழகிவிட்டால் 90 சதவீதம் போன்ற வரிகள் உங்களை மறுபடி அசைக்காது. எண்களோடு புழங்கும் உங்களுக்கு அது மற்றவர்களைவிடச் சுலபமாகவே வரும். ஒரு கண்டிப்பு: படிக்கும் நோய்களையெல்லாம் வீட்டில் உள்ளவர்கள் மேல் பொருத்திப் பார்க்கும் ஆசை எல்லா மாணவர்களுக்கும் வரும். மருத்துவக் கல்லூரி இரண்டாம் ஆண்டில் விடுதியில் பாதிப் பேர் ஏதோ ஒரு நோய் தமக்கு இருப்பதாக நம்புவார்கள். மகன், கணவர், மாமியார் மூவரும் உங்கள் பாடத்திட்டத்தில் இல்லை.

தொழிலாகச் செய்வதற்கு என்றால், தபால் வழி என்ற திட்டத்தைக் கைவிடுங்கள். 2021ஆம் ஆண்டின் துணைநிலை சுகாதாரத் தொழில்கள் சட்டத்துக்குள் வரும் படிப்புகளை, உளவியல் உட்பட, 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அறிவித்துவிட்டது. இன்னும் சில கல்வி மையங்கள் சேர்க்கை நடத்துவதாகச் சொல்லிப் பணம் வாங்கலாம். நேரடிக் கல்லூரியில் முதுகலை சேர பல இடங்களில் எந்தப் பட்டமும் போதும், சில இடங்களில் உளவியல் இளங்கலை கேட்பார்கள். அதற்கு மேல் மருத்துவ உளவியலாளராக வேண்டுமானால், இந்திய மறுவாழ்வுக் குழுமம் அங்கீகரித்த மருத்துவ உளவியல் பயிற்சியும் பதிவும் வேண்டும். மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்கும் முழுநேரப் பயிற்சி அது. வேலையையும் நாலரை வயதுக் குழந்தையையும் வைத்துக்கொண்டு இப்போதே இறங்குவது கடினம். மகள் பள்ளியில் நிலைத்து, கணவர் ஊர் திரும்பும் காலத்தை ஒட்டித் திட்டமிட்டால் நடக்கக்கூடியதுதான்.

"மூன்று மாதத்தில் ஆலோசகர்" என்ற பட்டயங்களின் பக்கம் போகாதீர்கள். ஆலோசகர் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளும் நிலைதான் நம் ஊரில் நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. அந்த ஓட்டையில்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். எங்கே விசாரித்தாலும் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: இந்த ஆண்டுச் சேர்க்கைக்கு யு.ஜி.சி. அனுமதி எண் என்ன, நேரடி வகுப்பு வாரத்துக்கு எத்தனை நாள், மேற்பார்வைப் பயிற்சி எந்த மருத்துவமனையில். பதிலும் எழுத்தில் வரட்டும். வாயால் மட்டும் சொல்கிறார்கள் என்றால் முன்பணம்கூடக் கட்டாதீர்கள்.